அச்சகத்துக்குப் போகும் முன் ஐந்து பேரிடம் காட்டுங்கள்

தீபாவளி நெருங்க நெருங்க புலனக் குழுக்களிலும் முகநூலிலும் புதிய வணிகப் பெயர்கள் தலைகாட்டத் தொடங்கும். முறுக்கு, அதிரசம், கறித்தூள், ஊறுகாய், மூலிகை எண்ணெய் என்று நம் பெண்கள் பலர் வீட்டுச் சமையலறையிலேயே தொழிலைத் தொடங்கிவிடுகிறார்கள். கைப்பக்குவத்தில் குறை சொல்ல முடியாது. சிக்கல் வேறோர் இடத்திலிருந்து வருகிறது.

கிள்ளானில் இருக்கும் ஓர் அக்கா மீன் கறித்தூள் விற்கத் தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். நகையை அடகு வைத்து அரவைக்கும் பொட்டலத்துக்கும் லேபலுக்கும் பணம் புரட்டுகிறார். எண்ணிக்கை கூடினால்தான் விலை குறையும் என்று அச்சகத்தில் சொல்ல, இரண்டாயிரம் லேபல் அடித்துவிடுகிறார். முதல் வாரம் வாங்கியவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: "அக்கா, ஒரு கிலோ மீனுக்கு எத்தனை கரண்டி போடணும்?" பதில் லேபலில்தான் இருக்கிறது. பொட்டலத்தின் பின்பக்கம், பொன்னிறத் தாளில் மஞ்சள் எழுத்தில், அடி மூலையில் இருக்கிறது. அது யார் கண்ணிலும் படவில்லை. இனி ஒவ்வொருவருக்கும் வாயால் விளக்க வேண்டும். இல்லையென்றால் இரண்டாயிரம் லேபலையும் தூக்கிப் போட வேண்டும்.

இந்தக் குறையைக் கண்டுபிடிக்க இரண்டாயிரம் லேபல் தேவையில்லை. ஒரு தாள், ஒரு கத்தரிக்கோல், ஐந்து பேர் போதும். பெரிய நிறுவனங்கள் ஒரு பொருளைச் சந்தைக்குக் கொண்டுவரும் முன் அதன் ஆரம்ப வடிவமைப்பைப் பயனீட்டாளர்களிடம் கொடுத்துச் சோதிக்கின்றன. அதே வேலையை ஒரு சனிக்கிழமை காலையில், சில ரிங்கிட் செலவில் நாமும் செய்யலாம். எப்படி என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

உங்கள் கைப்பேசியிலேயே ஒரு சான்று

கைப்பேசியை எடுத்து, எண்களை அழுத்தும் பக்கத்தைத் திறந்து பாருங்கள். மேல் வரிசையில் 1, 2, 3 இருக்கும். இப்போது அதே கைப்பேசியில் கணிப்பானைத் திறங்கள். மேல் வரிசையில் 7, 8, 9 இருக்கும். ஒரே கருவியில் இரண்டு வகையான வரிசை ஏன்?

தொலைபேசியில் விரலை விட்டுச் சுழற்றும் வட்டை எடுத்துவிட்டுப் பொத்தான்களை வைக்க அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடம் முடிவு செய்தபோது, எந்த எண்ணை எங்கே வைப்பது என்ற கேள்வி எழுந்தது. கணக்குப் போடும் இயந்திரங்களில் 7, 8, 9 மேலே இருந்தன. அதை அப்படியே எடுத்து வைத்திருக்கலாம். ஆய்வாளர்கள் அவசரப்படவில்லை. வட்டமாக ஓர் அமைப்பு, ஐந்தைந்தாக இரண்டு வரிசை, மும்மூன்றாக மூன்று வரிசை என்று பலவற்றைச் செய்து, ஆட்களை உட்கார வைத்து எண்களை அழுத்தச் சொன்னார்கள். எவ்வளவு நேரம் ஆகிறது, எத்தனை முறை தவறுகிறார்கள், எது பிடித்திருக்கிறது என்று குறித்துக்கொண்டார்கள். அந்த ஆய்வின் முடிவுகள் 1960ஆம் ஆண்டு வெளிவந்தன. பொத்தான் தொலைபேசி 1963ஆம் ஆண்டு நவம்பரில் வாடிக்கையாளர்களுக்கு வந்தது. 1, 2, 3 மேலே இருக்கும் அந்த அமைப்பைத்தான் நாம் இன்றும் தொட்டுக்கொண்டிருக்கிறோம்.

இதில் நமக்கு வேண்டியது ஒன்றுதான். அவர்கள் "இது நன்றாக இருக்கிறதா?" என்று கேட்டதோடு நிற்கவில்லை. கையில் கொடுத்து, செய்யச் சொல்லி, பக்கத்தில் இருந்து பார்த்தார்கள்.

மரக்கட்டையும் மாதிரிதான்

"என்னிடம் அப்படிச் சோதிக்கக் கருவி எதுவும் இல்லையே" என்று நினைக்கத் தோன்றும். மாதிரி என்பது வேலை செய்ய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

திறன்பேசி பரவலாவதற்கு முன்பே, 1996ஆம் ஆண்டு, பாம் பைலட் என்ற கையடக்கக் கருவி சந்தைக்கு வந்தது. அதை உருவாக்கிய ஜெஃப் ஹாக்கின்ஸ் முதலில் செய்தது சட்டைப் பையில் அடங்கும் அளவில் ஒரு மரக்கட்டை. ஒரு சாப்ஸ்டிக் குச்சியைச் சீவி எழுதுகோலாக வைத்துக்கொண்டார். போகும் இடமெல்லாம் கட்டையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போவார். ஏதாவது குறித்துக்கொள்ள வேண்டி வந்தால் கட்டையை எடுத்து, கருவியில் எழுதுவது போலவே பாவனை செய்வார். பையில் வைத்தால் கனக்கிறதா, எடுக்கச் சிரமமா, எந்த வேலைக்கு அடிக்கடி கை அதைத் தேடுகிறது என்பதெல்லாம் மின்சுற்று ஒன்றும் இல்லாமலேயே அவருக்குப் புரிந்தது.

நம் கறித்தூள் அக்காவுக்கு மரக்கட்டை வேண்டாம். லேபலில் வர வேண்டியதைச் சாதாரணத் தாளில் அச்செடுத்து, வெட்டி, ஒரு பொட்டலத்தில் ஒட்டினால் அதுவே மாதிரி. செயலி செய்யும் தம்பிக்கு ஒவ்வொரு திரையையும் ஒரு தாளில் பென்சிலால் வரைந்தால் போதும். எதிரில் இருப்பவர் தாளில் வரைந்த பொத்தானை விரலால் தொடட்டும். தம்பி அடுத்த தாளை எடுத்து வைக்கட்டும். கோயில் திருவிழாவுக்கு நன்கொடைப் படிவம் தயாரிப்பவர்களும், பள்ளிப் பெற்றோருக்கு அறிவிப்பு எழுதும் ஆசிரியர்களும் இதையே செய்யலாம்.

மாதிரி கொஞ்சம் கரடுமுரடாக இருப்பதும் நல்லதுதான். பளபளவென்று அச்சடித்த லேபலைக் காட்டினால், "இவ்வளவு செலவு செய்துவிட்டாரே, இனி என்ன சொல்வது" என்று எதிரில் இருப்பவர் வாயை மூடிக்கொள்வார். பென்சில் கோடாக இருந்தால் மாற்றச் சொல்லத் தயங்கமாட்டார்.

"நல்லா இருக்குக்கா" என்ற ஆபத்து

நம் பழக்கத்தில் இதற்குப் பெரிய தடையாக நிற்பது மரியாதை. வீட்டுக்கு வந்து, தேநீர் குடித்துவிட்டு, அக்கா ஆசையாகக் காட்டும் லேபலைப் பார்த்து "இது சரியில்லை" என்று சொல்ல யாருக்கு மனம் வரும்? "நல்லா இருக்குக்கா, அழகா இருக்கு" என்றுதான் சொல்வார்கள். காக்கைக்குத் தன் குஞ்சு பொன் குஞ்சு. பார்க்க வந்தவரும் அதைப் பொன் குஞ்சு என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். குழுவில் படத்தைப் போட்டுக் கருத்துக் கேட்டால் கட்டைவிரல்கள் வந்து குவியும். அவை அன்பின் அடையாளம். லேபலில் என்ன குறை என்பதை அவை சொல்லாது.

அதனால் கருத்துக் கேட்காதீர்கள், வேலை கொடுங்கள். "லேபல் எப்படி இருக்கு?" என்பதற்குப் பதிலாக இப்படிக் கேளுங்கள்: "இன்னிக்கு ராத்திரி இந்தத் தூளைப் போட்டு ஒரு கிலோ மீன் சமைக்கப் போறீங்க. இந்தப் பொட்டலத்தைப் பார்த்து, முதல்ல என்ன செய்வீங்கன்னு சொல்லிக்கிட்டே வாங்க." பிறகு வாயை மூடிக்கொண்டு பாருங்கள். பொட்டலத்தை எந்தப் பக்கம் திருப்புகிறார்? கண்ணைச் சுருக்குகிறாரா? "எங்கே எழுதியிருக்கு?" என்று கேட்கிறாரா? அந்தக் கேள்வி வந்ததும் "இதோ பின்னாடி இருக்கு பாருங்க" என்று காட்டிவிட வேண்டும் என்று நாக்குத் துடிக்கும். காட்டாதீர்கள். நாளை இரவுச் சந்தையில் அந்தப் பொட்டலத்தை வாங்கிப் போகிறவர் வீட்டில் நீங்கள் பக்கத்தில் நிற்கப் போவதில்லை.

இன்னும் இரண்டு எளிய வழிகள் உள்ளன. முதலாவது, ஐந்து நொடிச் சோதனை. லேபலை ஐந்து நொடி காட்டிவிட்டு மறைத்து, "இது என்ன பொருள்? யார் செய்தது? வேறு என்ன நினைவில் இருக்கு?" என்று கேட்பது. பொருளின் பெயரையே சொல்ல முடியவில்லை என்றால் பூ வேலைப்பாடு அதிகமாகிவிட்டது என்று புரிந்துகொள்ளலாம். கடைத் தட்டில் நம் பொருளுக்குக் கிடைப்பதும் அந்தச் சில நொடிகள்தான்.

இரண்டாவது, ஒன்றைக் காட்டாமல் இரண்டு மூன்றைக் காட்டுவது. மரியம் தொஹிடி, பில் பக்ஸ்டன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2006ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு ஒன்றில், ஒரே வடிவமைப்பை மட்டும் பார்த்தவர்கள் அதைக் கூடுதலாகப் பாராட்டினார்கள். மூன்றைப் பார்த்தவர்கள் குறைகளைத் தயங்காமல் சொன்னார்கள். காரணம் நமக்குப் புரியாததல்ல. ஒன்றே ஒன்று இருந்தால் குறை சொல்வது செய்தவரையே குறை சொல்வது போலாகிவிடும். மூன்று இருந்தால் ஒன்றைக் குறை சொல்லி இன்னொன்றைப் பாராட்டலாம். யார் மனமும் நோகாது. நம் மரியாதைப் பழக்கத்துக்கு இது பொருத்தமான வழி.

ஐந்து பேர் போதுமா?

"ஐந்து பேரிடம் கேட்டு என்ன தெரிந்துவிடும்?" என்ற சந்தேகம் நியாயமானது. 1993ஆம் ஆண்டு ஜேக்கப் நீல்சன், தாமஸ் லேண்டவர் என்ற இரு ஆய்வாளர்கள் இதைக் கணக்காகவே போட்டுப் பார்த்தார்கள். அவர்கள் ஆராய்ந்த திட்டங்களில், ஒரு பயனீட்டாளரை மட்டும் வைத்துச் சோதித்தாலே இருக்கும் குறைகளில் சராசரியாக 31 விழுக்காடு வெளிப்பட்டது. இரண்டாம் நபர் முதலாமவர் தடுக்கிய இடங்களில் சிலவற்றில் தாமும் தடுக்கி, புதிதாகச் சிலவற்றைக் காட்டுவார். மூன்றாமவரிடம் புதியது இன்னும் குறையும். ஐந்தாம் நபர் வரும்போது ஏறக்குறைய 85 விழுக்காட்டுக் குறைகள் தெரிந்துவிடும் என்பது அவர்களின் கணக்கு. அதற்கு மேல் ஆட்களைச் சேர்த்தால் பார்த்ததையே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருப்போம். அதனால்தான் 2000ஆம் ஆண்டு எழுதிய கட்டுரையில், பதினைந்து பேரை ஒரே தடவையில் சோதிப்பதைவிட ஐவர் ஐவராக மூன்று முறை சோதித்து, ஒவ்வொரு முறைக்குப் பிறகும் திருத்துவதே நல்லது என்று நீல்சன் சொன்னார்.

நம் மொழியில் சொன்னால், ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம். ஆனால் பானை ஒன்றாக இருந்தால்தான் அந்தப் பழமொழி பொருந்தும். உங்கள் தூளை வாங்கப் போவது தோட்டப்புறத்துப் பாட்டியும், நகரத்தில் வேலை பார்க்கும் இளம்பெண்ணும், பக்கத்து வீட்டு மலாய்க்காரரும் என்றால் அவை மூன்று பானைகள். ஒவ்வொரு பானையிலிருந்தும் இரண்டு மூன்று பேரைப் பார்க்க வேண்டும். 31 என்பது சராசரிதான் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். லேபல் போன்ற எளிய பொருளுக்கு ஐவர் போதலாம். பல பக்கங்கள் கொண்ட பெரிய இணையத்தளத்துக்கு ஐவர் போதாது என்று வாதிடும் ஆய்வாளர்களும் உண்டு.

யாரைக் கூப்பிடுவது?

கணவர், அம்மா, தங்கை ஆகியோரை விட்டுவிடுங்கள். அவர்களுக்கு உங்கள் தூளின் கதை முழுவதும் தெரியும். லேபலைப் படிக்காமலேயே எத்தனை கரண்டி என்று சொல்வார்கள்.

தமிழ் படித்தவர்களுக்கு இந்த முறை முற்றிலும் புதிதல்ல. தொல்காப்பியம் பாண்டியன் அவையில் அதங்கோட்டாசான் முன்னிலையில் குற்றமற விளக்கிக் காட்டப்பட்டது என்று அதன் சிறப்புப் பாயிரம் கூறுகிறது. வெளியிடும் முன் பிறர் முன் வைத்துப் பார்ப்பது நம் மரபிலேயே இருக்கிறது. ஆனால் இரண்டு வேறுபாடுகள் உண்டு. அரங்கேற்றம் எழுதி முடித்த நூலுக்கு நடப்பது. நாம் பேசுவது பாதி எழுதிய ஓலையைப் பற்றி. அவையில் இருந்தவர்கள் கற்றறிந்தவர்கள். நமக்கு வேண்டியவர்கள் அந்தப் பொருளை வாங்கி, வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பயன்படுத்தப் போகிற சாதாரண மக்கள்.

நம் நாட்டில் மொழியும் ஒரு சோதனைதான். தோட்டத்தில் வளர்ந்து தமிழ்ப்பள்ளியோடு படிப்பை நிறுத்திய பாட்டிக்குத் தமிழ் எழுத்துதான் வழிகாட்டும். தேசியப் பள்ளியில் படித்த பேத்திக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராமல் போகலாம். இருவரிடமும் ஒரே மாதிரியைக் கொடுத்துப் பாருங்கள். பாட்டியால் தூளின் அளவைக் கண்டுபிடிக்க முடிந்து, பேத்தியால் முடியவில்லை என்றால் எழுத்துக்குப் பக்கத்தில் மூன்று கரண்டிப் படம் போட்டால் இருவருக்கும் புரியும்.

ஆனால் எல்லாவற்றையும் வாடிக்கையாளர் விருப்பத்துக்கு விட முடியாது. 1985ஆம் ஆண்டு உணவு விதிகளின்படி, இங்கே தயாரித்துப் பொட்டலமிடும் உணவின் லேபல் மலாய் மொழியில் இருக்க வேண்டும். தமிழை உடன் சேர்த்துக்கொள்ளலாம். பொருளின் பெயர், சேர்மானங்கள், நிகர எடை, தயாரிப்பாளரின் பெயர் முகவரி போன்றவை இடம்பெற வேண்டும். நிலக்கடலை, பால், முட்டை, மீன் போன்று சிலருக்கு ஒவ்வாமை தரும் பொருள்கள் சேர்ந்திருந்தால் அதையும் குறிப்பிட வேண்டும். அனுமதி பெறாமல் ஹலால் முத்திரையைப் போட முடியாது. ஐந்து பேரும் "இவ்வளவு எழுத்து எதுக்கு, எடுத்துடுங்க" என்று சொன்னாலும் இவற்றை எடுக்க முடியாது. அவை எந்த இடத்தில், எந்த அளவில் இருந்தால் கண்ணில் படும் என்பதை மட்டும்தான் சோதிக்கலாம்.

கேட்டதை என்ன செய்வது?

ஒரு தாளை மூன்று பத்திகளாகப் பிரியுங்கள். முதல் பத்தியில் அவர் என்ன செய்தார், இரண்டாவதில் எங்கே தடுக்கி நின்றார், மூன்றாவதில் என்ன சொன்னார் என்று எழுதுங்கள். ஒவ்வொருவர் போனதும் உடனே எழுதிவிட வேண்டும். மாலையில் எழுதலாம் என்று விட்டால் நமக்குப் பிடித்ததுதான் நினைவில் நிற்கும்.

பிறகு முதல் இரண்டு பத்திகளை முதலில் பாருங்கள். இரண்டு பேருக்கு மேல் ஒரே இடத்தில் நின்றிருந்தால் அதைக் கட்டாயம் திருத்த வேண்டும். ஒருவருக்கு மட்டும் நேர்ந்த தவறுதான் என்றாலும், அது உடலுக்குக் கேடு தரக்கூடியது என்றால் திருத்தியே ஆக வேண்டும். கடலை கலந்திருப்பதை ஒருவர் கவனிக்கவில்லை என்றால், "ஒருத்தர்தானே" என்று விட முடியாது.

மூன்றாம் பத்தியில் வரும் யோசனைகளை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. ஒருவர் சிவப்பாக்கச் சொல்வார், இன்னொருவர் பச்சையாக்கச் சொல்வார். இருவருக்கும் ஆமாம் போட்டால் லேபல் கிளியாகிவிடும். எங்கே வலிக்கிறது என்பது நோயாளிக்குத்தான் தெரியும். மருந்து எது என்பதை அவர் முடிவு செய்ய முடியாது. "எழுத்தைப் பெரிதாக்குங்க" என்று ஒருவர் சொன்னால், அவரால் எதைப் படிக்க முடியவில்லை என்று கேளுங்கள். பெரிதாக்குவதைவிட மஞ்சள் எழுத்தைக் கறுப்பாக்குவதே தீர்வாக இருக்கலாம்.

இந்தச் சோதனைக்கு ஓர் எல்லையும் உண்டு. லேபல் புரிகிறதா, செயலியைப் பயன்படுத்த முடிகிறதா என்பதை ஐந்து பேர் காட்டிவிடுவார்கள். எத்தனை பேர் வாங்குவார்கள் என்பதை அவர்களால் சொல்ல முடியாது. "விற்பனைக்கு வந்தா வாங்குவீங்களா?" என்று கேட்டால் எல்லாரும் "கண்டிப்பா" என்றுதான் சொல்வார்கள். அதைத் தெரிந்துகொள்ள ஒரு வழிதான் நம்பத் தக்கது. சிறு அளவில் செய்து, முன்பதிவுக்குப் பணம் கேட்டுப் பாருங்கள். வாய்ச்சொல்லுக்குச் செலவில்லை; ஐந்து ரிங்கிட்டை எடுத்துத் தரும்போதுதான் உண்மையான பதில் வரும்.

ஒரு சனிக்கிழமைத் திட்டம்

வெள்ளி இரவு மூன்று வகை லேபலைத் தாளில் அச்செடுத்துப் பொட்டலங்களில் ஒட்டிவையுங்கள். சனிக்கிழமை காலை ஐந்து பேரை ஒருவர் பின் ஒருவராக, ஆளுக்கு இருபது நிமிடம் என்று பாருங்கள். ஐவரையும் ஒன்றாக உட்கார வைக்காதீர்கள்; மூத்தவர் ஒருவர் வாய் திறந்ததும் மற்றவர்கள் தலையாட்டத் தொடங்கிவிடுவார்கள். தொடங்கும்போதே ஒன்றைச் சொல்லிவிடுங்கள்: "நான் சோதிக்கிறது இந்தத் தாளைத்தான், உங்களை இல்லை. உங்களுக்குப் புரியலைன்னா குறை தாளோடதுதான்." படிப்பு குறைவு என்று கூச்சப்படுகிறவர்களுக்கு இந்த ஒரு வார்த்தை பெரிய தைரியம். சனி மாலையில் திருத்துங்கள். ஞாயிறன்று வேறு ஐந்து பேரிடம் காட்டுங்கள். திங்கட்கிழமை அச்சகத்துக்குப் போகலாம்.

தெக்குன் நேஷனலின் ஸ்பூமி கடனோ, அடகுக்கடைச் சீட்டோ, சிறுதொழிலில் போடும் கடன் பணம் எதுவானாலும் அதற்குத் தவணை உண்டு. லேபல் விற்றாலும் விற்காவிட்டாலும் அந்தத் தவணையைக் கட்டியாக வேண்டும். தாளில் இருக்கும்போது ஒரு குறையைத் திருத்த அழிப்பான் போதும். அச்சடித்த பிறகு அதே குறைக்கு அடுத்த மாதத் தவணைப் பணத்தில்தான் கை வைக்க வேண்டியிருக்கும். அடுத்த தீபாவளிக்குப் புதிய பொருளோடு வர நினைப்பவர்கள், காட்டப் போகும் ஐந்து பேரின் பெயரை இப்போதே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளலாம். அதில் உங்கள் சொந்தக்காரர் ஒருவர்கூட இருக்கக் கூடாது.